வீட்டுக்குத் தூரம்

எங்கள் வீட்டில் ‘தூரம்’ என்ற சொல்லை சில வருஷம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெளியூர்க்காரர் யாராவது வந்து பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால், என் வீட்டுக்காரர் “ஆத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணும்” என்பார். மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, “அப்பா, நிலா எம்புட்டுத் தூரம்?” என்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் என்னைப் பார்த்து முழித்தாள். “எட்டத்துல இருக்குடி, தட்டைப் பார்த்துச் சாப்பிடு” என்றேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுரங்கம் பார்க்கப் போனோம். அதில் வந்த வினை இது.

அப்போது சண்டைக் காலம். மதுரையில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தா. நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாய் ஓயாது. காலையில் பல் விளக்கும்போது தொடங்குகிற பேச்சு ராத்திரி குறட்டையில்தான் போய் முடியும். எதிராளி என்ன கேட்டான் என்று முழுசாகக் காதில் வாங்குவதற்குள் பதில் சொல்லி முடித்திருப்பார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியதே தெருவுக்கு ஒரு வேடிக்கைதான்.

எனக்கு ஒரே தம்பி. அப்பா காலமாகிவிட்டார். அம்மா திருமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தாள். தம்பி படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்தான். கடைசியில் ஒரு நாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டான். சேதி தெரிந்ததும் அம்மா தலையைக்கூட முடியாமல் ஓடினாள். அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். “வேலைன்னு ஒண்ணு இல்லாட்டி திரும்பவும் அங்கதான் போய் நிப்பேன்” என்று அவனும் சொல்லிவிட்டான். அம்மா என் வீட்டுக்காரரிடம் வந்து அழுதாள். அவர் கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு முதலாளியைப் பிடித்தார். மேலூருக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்தில் அந்த முதலாளிக்கு ஒரு காக்காப்பொன் சுரங்கம் இருந்தது. அதில் தம்பிக்கு வேலை கிடைத்தது. ஆள்களை எண்ணி உள்ளே அனுப்பி, எண்ணி வெளியே வாங்குகிற வேலை.

காக்காப்பொன் என்றால் பொம்மைகளில் ஒட்டுகிற அந்த மினுமினுப்புத் தகடுதான். ரேடியோவிலும் ஏரோப்ளேனிலும் வைக்கிறார்கள் என்று சண்டை வந்ததும் அதற்கு ஏகக் கிராக்கி வந்துவிட்டது. நான் தெருவில் பேசும்போது ‘காக்கா’வை விட்டுவிட்டு ‘பொன்’னை மட்டும் சொல்லுவேன். “எந்தம்பி பொன்னு வெட்டுற சுரங்கத்துல இருக்கான்” என்பேன். எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். எனக்கு அது ஒரு சந்தோஷம்.

சுரங்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முதலில் கிளப்பியது என் வீட்டுக்காரர். ‘நான் வாங்கிக் கொடுத்த வேலை’யைக் கண்ணால் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலாளியிடமே கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். என்னை அடுப்படியில் தனியாகப் பிடித்துக்கொண்டு, “இப்ப வேணாம்க்கா. ரெண்டு மாசம் போகட்டும்” என்றான்.

ஏன் என்றேன். சொன்னான். முந்தின மாதம் உள்ளே முட்டுக்கொடுத்திருந்த மரம் சரிந்து பாறை விழுந்து ஒரு ஆளுக்குக் கால் போய்விட்டதாம். ஆள்கள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சுரங்க வாயில் இருக்கிற ஆத்தாளுக்குச் சுத்தக்குறைவு ஏற்பட்டதுதான் காரணம் என்று கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, அதற்கு அப்புறம்தான் இறங்கியிருக்கிறார்கள். “இன்னொருக்க வேலை நின்னா நீ மூட்டையைக் கட்டிக்கன்னு முதலாளி சொல்லிட்டாரு” என்றான்.

“நாங்க வந்தா வேலை எதுக்குடா நிக்கப் போகுது? அஞ்சு நிமிசம் எட்டிப் பாத்துட்டு வரப் போறோம்” என்றேன். எதிர்வீட்டுக்காரியிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. என்னை எதிர்த்துப் பேசுகிற சுபாவம் அவனுக்குச் சின்னதில் இருந்தே கிடையாது.

மகனுக்கு அப்போது ஆறு வயசு, மகளுக்கு நாலு. அவர்களுக்குத் தலை வாரி, பவுடர் பூசி, பொட்டிட்டு, நானும் சந்தன நிறத்தில் ஒரு புதுப்புடவை கட்டிக்கொண்டேன். சுரங்கம் பார்க்கப் போகிறவளுக்குச் சந்தன நிறப் புடவை எதற்கு? அக்கா வந்தாள் என்று தம்பிக்குப் பெருமையாக இருக்க வேண்டுமாம்.

பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டி வைத்து, அதன் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மேலூர் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் பூசியிருந்த பவுடர் எல்லாம் கரியாகிவிட்டது. அங்கிருந்து சுரங்கத்து மாட்டுவண்டி. பாதை என்று பேர்தான், வண்டி ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கியது. “இடுப்பு விட்டுப்போச்சு” என்று நான் இரண்டு தடவை சொன்னேன். மனுஷர் மற்றதையெல்லாம் காதில் வாங்காமல் விட்டுவிட்டு இதை மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

சுரங்கம் என்றால் மலையைக் குடைந்து ரயில் போகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில், பாறையில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வாய். அதிலிருந்து ஏணி சரிவாகக் கீழே இறங்கியது. ஓலைக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து தகடு உரித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல், அதன் முன்னால் கற்பூரக்கரி. அதுதான் ஆத்தா. அவளையும் சுரங்க வாயையும் சேர்த்துச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் செருப்புக் கால் போகக் கூடாது. நாங்களும் தம்பியும் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் போனோம்.

உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. கல்லில் உளி விழுகிற சத்தம் காலுக்கு அடியில் கேட்டது. மேஸ்திரி வந்து கும்பிட்டார். தலை நரைத்த, அடக்கமாகப் பேசுகிற மனுஷர். பிள்ளைகள் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் என் வீட்டுக்காரரைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூப்பிட்டார். ஒதுங்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றினால்தானே? நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பஸ்ஸைப் பற்றிய புலம்பலை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. எல்லாரையும் கேக்குறதுதான். வீட்டுக்குத் தூரமெதுவும் இல்லைங்களே?”

மாதத்தில் அந்த மூன்று நாள் ஒதுங்கியிருப்பதைத்தான் கேட்டார். இது தெரியாத ஆண்பிள்ளை மதுரைச் சீமையில் உண்டா? இவருக்கும் தெரியும். ஆனால் புத்தி இன்னும் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“தூரமில்லாம என்னய்யா? வீட்டுக்கு ரொம்பத் தூரம்! காலையில இருந்து இதே பாடுதான். இவ பாவம், இடுப்பு விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே வாரா” என்றார். அந்தப் பள்ளம் முழுக்கக் கேட்டது.

கொட்டகையில் தகடு உரிக்கிற சத்தம் நின்றுபோனது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். கூடை தூக்கி வந்தவர்கள், கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குக் காது மடல் சுட்டது. நான் ஆத்தாளுக்கு எதிரிலேயே, கயிற்றுக்கு உள்ளே, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“மறைக்காமச் சொன்னீகளே, அதுவே பெருசுங்க ஐயா” என்று மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். பிறகு மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தார். உள்ளே இருக்கிறவர்கள் மேலே வருவதற்கு அதுதான் அடையாளம். உளிச் சத்தம் அடங்கியது. ஒவ்வொருத்தராக ஏணியில் ஏறி வந்தார்கள். முகம், மயிர், இமை எல்லாம் காக்காப்பொன் தூசி படிந்து மினுங்கியது. என்ன ஏது என்று கேட்டார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் காதில் சொன்னான். சொன்னதும் அவனும் தரையைப் பார்த்தான்.

வேலை நின்றுவிட்டது. தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது. “ஐயையோ, நான் வழியைச் சொன்னேன்யா. மதுரையைச் சொன்னேன்” என்று கையை ஆட்டினார். யாரும் நம்பவில்லை. பெண்டாட்டியை எப்படியாவது உள்ளே இறக்கிவிடப் பார்க்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். இவர் பேசப் பேச அது இன்னும் பொய்யாகத்தான் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏணியை எடுத்தே அவர் வாயில் அடைத்திருப்பேன்.

தம்பி என்னிடம் கேட்க முடியாது. கூடப்பிறந்த அக்காவிடம் எந்தத் தம்பி அதைக் கேட்பான்? அவன் கொட்டகைக்குப் போய் ஒரு வயசான அம்மாளிடம் ஏதோ சொன்னான். அவள் வந்து என் காதருகே கேட்டாள். “இல்லை” என்றேன். உண்மைதான். எனக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் திரும்பி நின்று, “இல்லையாம்யா” என்று பள்ளத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஆத்தா முன்னால அவுகளே ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்க இறங்கிருவோம்” என்றான் ஒருத்தன். கால் போனவன் இவனுக்குத் தம்பி முறை என்று பின்னால் தெரிந்தது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஏணிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் அம்மா தலைவிரி கோலமாக அவனை இழுத்துக்கொண்டு வந்தது என் கண் முன்னால் வந்து நின்றது. மஞ்சள் கல்லுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். மகளை இடுப்பில் இருந்து இறக்கி விட்டேன். அத்தனை ஆண்பிள்ளைகளும் கேட்க, “நான் சுத்தமாத்தான் இருக்கேன்” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். குரல் தேவைக்குமேல் பெரிசாக வந்துவிட்டது. கோபத்தில் வந்த குரல் அது. பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மேஸ்திரி கும்பிட்டுவிட்டு விளக்கை எடுத்தார். ஆள்கள் இறங்கினார்கள். தம்பி மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் சத்தியம் பண்ணிவிட்டு இறங்காமல் போனால் அதற்கு வேறு ஒரு அர்த்தம் எடுப்பார்களே. இறங்கினோம். முன்னால் மேஸ்திரி, அடுத்து மகனைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர், அப்புறம் நான், கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு தம்பி.

உள்ளே ஈர மண் வாடையும் வெடிமருந்து வாடையும் அடித்தது. கூரையைத் தாங்கிக்கொண்டு முட்டுக்கட்டைகள் நின்றன. மேஸ்திரி அரிக்கேன் விளக்கைச் சுவரோரம் உயர்த்தியதும் பாறை முழுக்கக் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி பளிச்சிட்டது. மகள் கையைத் தட்டினாள். மேஸ்திரி ஒரு கட்டியைப் பெயர்த்து, அதிலிருந்து ஏடு ஏடாக உரித்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு மாமனைப் பார்த்துச் சிரித்தாள். பார்க்க வேண்டிய இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இது எல்லாம் பொன்னா என்று மகன் கேட்டான். இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எங்களைப் பார்க்க ஆள்கள் உளியை நிறுத்தியிருந்தார்கள். மகன் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, வீட்டுக்குத் தூரம்னா எதுக்கு அம்மா நெருப்பைத் தொட்டா?” என்று கேட்டான். அந்தப் பொந்தில் அது சுற்றிச் சுற்றிக் கேட்டது. இருட்டில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். “சும்மா வாடா” என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு அடிவயிற்றில் இழுத்தது. மாட்டுவண்டிக் குலுக்கல் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் இருந்தது என்றேனே, அதெல்லாம் கணக்கில்தான். உடம்பு யார் கணக்கைக் கேட்கிறது? கற்பூரம் அணைத்த உள்ளங்கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது. நான் பாறையோடு முதுகை ஒட்டி நின்றேன். ஆத்தா, நான் பொய் சொல்லலை என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னபோது பொய் இல்லை. இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தனை பேர் உழைக்கிற இடத்தில் நான்தான் அழுக்கு என்று நினைத்து நினைத்துக் கூசிப் போனேன்.

மேலே ஏறும்போது மகளை மேஸ்திரி வாங்கிக்கொண்டு முன்னால் போனார். தம்பி எனக்குப் பின்னால், கையில் விளக்கோடு வந்தான். பாதி ஏணியில் “அக்கா” என்றான். நின்றேன். அவன் தோளில் கிடந்த துண்டை உருவி என் பக்கம் நீட்டினான். “இடுப்பைச் சுத்திக் கட்டிக்க. பாறையில சாஞ்சு நின்னியா, புடவையெல்லாம் ஈரம்” என்றான். அவன் குரல் மாறியிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் தம்பியை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவன் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான். அந்த ஏணியிலிருந்து கையை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வெளியே வந்து கயிற்றைத் தாண்டினோம். மேஸ்திரி பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் சகஜமாகிவிட்டார்கள். தம்பி வேப்பமரத்தடிக்குப் போனான். செருப்பை மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டு நேராகத் திரும்பி வந்து, கயிற்றைத் தாண்டி, ஆத்தாளுக்கு எதிரில் போய் நின்றான்.

“தம்பி, செருப்பு!” என்று யாரோ கத்தினார்கள். அவன் நகரவில்லை. ஏதோ மறந்து வைத்தவன் மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தான். எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் குனிந்து காலைப் பார்த்து, “அடடா, மறந்துட்டேன்” என்றான். தினமும் நூறு தடவை அந்தக் கயிற்றைத் தாண்டுகிறவன், ஒரு ஆணியைக்கூட வைத்த இடம் மறக்காதவன்.

மேஸ்திரி மறுபடியும் தண்டவாளத்தை அடித்தார். ஆள்கள் மறுபடியும் மேலே வந்தார்கள். இந்தத் தடவை யாரும் தரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்கள். இடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, தேங்காய் உடைத்துப் பூசை போடாமல் ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று மேஸ்திரி சொன்னார். தம்பி “சரி” என்றான். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “எம்புட்டுப் பாடுபட்டு வாங்கிக் கொடுத்தேன். இம்புட்டுக் கவனமில்லாதவனா இருக்கானே” என்று வண்டிக்காரரிடம் புலம்பத் தொடங்கிவிட்டார்.

வண்டி கிளம்பியதும் தம்பி பின்னால் என் பக்கமாக நடந்து வந்தான். முன்னால் இவர் புலம்பல் கேட்டுக்கொண்டிருந்தது. “ஏன்டா இப்படிப் பண்ணுன?” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் நம்புறேனோ இல்லையோ, அது வேற விசயம்க்கா. கழுவாம விட்டு நாளைக்கு ஒருத்தன் மேல கல்லு விழுந்துச்சுன்னா? ஆயுசுக்கும் நீ என்ன நெனைப்ப?” என்றான். கொஞ்ச தூரம், பாருங்கள் இந்தச் சொல்லை, கொஞ்சம் நடந்த பிறகு, “நீ சத்தியம் பண்ணிட்டு வந்திருக்க. உன்னைப் பொய் சொன்னவள்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அம்மாட்டயும் சொல்லிராத” என்றான். துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. பாதை திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டான்.

வீடு வந்து சேர்ந்ததும் நான் பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்தேன். இவர் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றார். “எப்ப?” என்றார். “உள்ள இருக்கையிலதான்” என்றேன். என் பக்கத்தில் கிடந்த துண்டைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். அந்த மனுஷர் பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே தம்பிக்கு வேலை போய்விட்டது. டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், பிள்ளைகளோடு விளையாடினான். மறுநாள் காலையில் கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இந்தத் தடவை அம்மாவால் ஓடிப்போய்ப் பிடிக்க முடியவில்லை. அவள் அறிந்தபோது அவன் ரயிலேறியிருந்தான்.

அம்மா ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். மகன் செருப்போடு ஆத்தா வாசலில் ஏறினான், வேலை போனது, சண்டைக்குப் போனான். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவன் பேரையே சொல்ல மாட்டாள். “செருப்புத் திமிரு பிடிச்சவன்” என்பாள். பர்மாவில் குண்டு விழுந்தது என்று யாராவது பேசினால், “ஆத்தா முன்னால செருப்போட நின்னவனை அவதானே பாத்துக்கணும்” என்பாள். சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்து அழுவாள். இவர் இலையில் இருந்து பாதியில் எழுந்துவிடுவார். சொல்லாதே என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னால் என் சத்தியத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. பெற்றவள் தன் பிள்ளையைத் திட்டத் திட்ட நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சுரங்க வாயில் பட்ட வெட்கம் ஒரு நாளோடு போயிற்று, இது தினமும் இருந்தது.

சண்டை முடிந்து ஒரு மத்தியானம் தம்பி வந்து நின்றான். இளைத்துக் கறுத்திருந்தான். உசிரோடு வந்துவிட்டான். பட்டாளத்து பூட்ஸைத் தெருவிலேயே, வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவனை அடையாளம் தெரியாமல் பார்த்தார்கள். அம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. “வந்துட்டியா” என்று மொச்சையிடம் சொன்னாள்.

இலை போட்டேன். என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் திக்குமுக்காடிப் போயிருந்தார். பழைய வாய் திறந்துகொண்டது. எங்கெங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், அந்த ஊரில் மழை எப்படி என்று கேள்விமேல் கேள்வி. கேட்கிற வேகத்தில், “எல்லாம் ரொம்பத் தூரமோ மாப்ள?” என்று கேட்டுவிட்டார்.

கேட்டதும் அவர் கை இலைமேல் அப்படியே நின்றது. நான் கரண்டியோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேர் வாயிலும் அந்தச் சொல் வந்ததில்லை.

தம்பி ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினான். “ஆமா மச்சான்” என்றான். “வீட்டுக்கு ரொம்பத் தூரம்.”

அவர் சொன்ன அதே ராகத்தில் சொன்னான். லேசாகச் சிரித்தான்கூட. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “என் வாய்தான் மாப்ள” என்றார். குரல் உடைந்துவிட்டது. “விடுங்க மச்சான், குழம்பு ஆறுது” என்றான் அவன்.

அம்மா இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன வாயி? என்ன தூரம்?” என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் முன்னாலும் என் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். “அன்னைக்கு நான்தாம்மா தூரம். உள்ள இறங்கின பெறகு ஆயிருச்சு. எனக்காகத்தான் அவன் செருப்பை மாட்டுனான்.” இந்தத் தடவை என் குரல் பெரிசாக வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா மடியில் இருந்த மொச்சையை முறத்தில் தட்டினாள். எழுந்து தெருவுக்குப் போனாள். வாசலுக்கு வெளியே கிடந்த பூட்ஸ் இரண்டையும் எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். அவற்றை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில் சுவரோரம் வைத்தாள்.